கணக்குப் பாராத அன்பு
(நமது சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கிறிஸ்தவ சமயம் போற்றும் தியாக அன்பைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். கற்றறிந்த பெரியோர் நிறைந்த இவ்வவையில், நாள்தோறும் வரவு செலவு எழுதிப் பழகிய ரயில்வே குமாஸ்தா நான் என்ன சொல்லிவிட முடியும்? ஆயினும், கணக்கெழுதுபவன் என்பதனாலேயே என் உள்ளத்தில் எழுந்த ஓர் ஐயத்தையும், அதற்கு எனக்குக் கிடைத்த விடையையும் உங்கள் முன் வைக்கிறேன்.

கிறிஸ்தவர்கள் சிலுவையைப் போற்றுவது ஏன் என்று பிற சமய நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. ரோமானிய ஆட்சியில் அது கொலைத் தண்டனைக்குரிய மரம். குற்றமற்ற இயேசு பெருமான் பிறர் பாவத்தைத் தம்மேல் ஏற்று அதில் உயிர் விட்டார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. கடவுள் உயரத்தில் இருந்தவாறே இரங்கினார் என்பதன்று. இறங்கி வந்து, தண்டனைக்குரியவன் நிற்க வேண்டிய இடத்தில் தாமே நின்றார் என்பதே அதன் சாரம்.

அவ்வாறு பிறன் ஒருவனது இடத்தில் நின்றவர், போலந்து நாட்டுத் துறவி மாக்சிமிலியன் கோல்பே. 1941-ஆம் ஆண்டில் நாஜிகள் அவரை ஆஷ்விட்ஸ் முகாமில் அடைத்தனர். அவ்வாண்டு ஜூலை இறுதியில் கைதி ஒருவன் காணாமற் போனான். அதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினியிட்டுக் கொல்ல அதிகாரி தேர்ந்தெடுத்தான். அவர்களுள் ஒருவரான கயோவ்னிச்செக் என்னும் படைவீரர், தம் மனைவி மக்களை நினைந்து கதறினார். உடனே கோல்பே வரிசையை விட்டு முன்வந்து, தாம் ஒரு கத்தோலிக்கக் குரு என்றும், அவருக்கு ஈடாகத் தாம் செல்வதாகவும் கூறினார். அதிகாரி இசைந்தான். அச்சிறையறையில் உடனிருந்தோரைச் செபத்தாலும் பாடலாலும் தேற்றினார் அத்துறவி. இரண்டு வாரமாகியும் அவர் உயிர் பிரியாமையால், ஆகஸ்டு 14-ஆம் நாள் நச்சு ஊசி செலுத்திக் கொன்றனர். அப்போது அவருக்கு வயது 47.

நண்பர்களே, கதை இத்துடன் முடியவில்லை. போர் முடிந்தபின் கயோவ்னிச்செக் உயிருடன் வீடு திரும்பினார், மனைவியைக் கண்டார். ஆனால் அவருடைய புதல்வர் இருவரும் 1945-இல் குண்டுவீச்சில் மாண்டு போயிருந்தனர். எந்தப் பிள்ளைகளை எண்ணி அவர் கதறினாரோ, அந்தப் பிள்ளைகள் இல்லை! இதைப் படித்தபோது என் குமாஸ்தா புத்தி கேட்டது: "செலவு எழுதியாகிவிட்டது, வரவு எங்கே?"

விடை என் வாழ்விலேயே இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், ஊரில் என் தந்தையார் கவலைக்கிடமாக இருப்பதாகச் செய்தி வந்தது. மாற்று ஆள் இல்லை என்று எனக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. வேற்று மொழியும் வேற்றுச் சமயமும் உடைய சக ஊழியர் ஒருவர், தம் வேலையோடு என் இரவு டியூட்டியையும் சேர்த்துப் பார்ப்பதாக எழுதிக் கொடுத்து என்னை அனுப்பிவைத்தார். இரண்டு நாள் பயணம். நான் வீட்டு வாசலை அடைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. திரும்பி வந்து, "தங்கள் உதவி வீணாகிவிட்டதே!" என்று வருந்தினேன். அவர் சொன்னார்: "உங்களை வண்டியேற்றியதுதான் என் வேலை. வண்டி எப்போது சேரும் என்று பார்த்தா ஏற்றுவேன்?"

அன்றுதான் சிலுவையின் பொருள் எனக்கு விளங்கிற்று. இயேசு பெருமானின் சீடருள் ஒருவன் அவரைக் காட்டிக் கொடுத்தான்; ஒருவர் மறுதலித்தார்; மற்றையோர் ஓடினர். எனினும் அவர் பின்வாங்கவில்லை. பயனை அறிந்தபின் கொடுப்பது வாணிகம். அறியாமலும், சில வேளை இழப்பை அறிந்தே கூடவும், கொடுப்பதுதான் அன்பு.

1982-ஆம் ஆண்டு ரோமாபுரியில் கோல்பேக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது, முதியவரான கயோவ்னிச்செக் அங்கு வந்திருந்தார். 1995-இல் தாம் மறையும்வரை அத்தியாகத்தைப் பலருக்கும் எடுத்துரைத்து வந்தார். இதை வரவாக எழுதலாமே என்பீர்கள். எழுதலாம். ஆனால் அவர் மறுநாளே இறந்திருந்தாலும் கோல்பேயின் ஈகை அணுவளவும் குறைந்திராது.

சொந்த ஊரை விட்டு வந்து, இக்குடியிருப்பில் ஒருவர்க்கொருவர் உறவாக வாழ்கிறோம். உயிரைக் கொடுக்கும் வேளை நம்மில் பலருக்கு வாராது. அடுத்த வீட்டு நோயாளிக்காக ஓரிரவு கண்விழிக்கும் வேளை நிச்சயம் வரும். அப்போதேனும் கணக்குப் புத்தகத்தை மூடி வைப்போமாக!