ஏமாற்றத்தை ஆங்கிலத்தில் மரியாதையாக எழுதுவது எப்படி?

செங்கல்பட்டில் பொதுமக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



உங்க போன்ல கடைசியா ஆங்கிலத்துல எழுதின புகார் எது? ஒரு நிமிஷம் தேடிப் பாருங்க. ரீஃபண்ட் வராததுக்கு கஸ்டமர் கேருக்கு அனுப்பின மெயிலாக இருக்கலாம். தங்கின விடுதிக்கு ஒரு ஸ்டார் போட்டு எழுதின ரிவ்யூவாக இருக்கலாம். அதை இப்போ திரும்பப் படிச்சா இரண்டில் ஒன்றுதான் இருக்கும். ஒன்று, முழுக்கக் கோபம். இல்லை, முழுக்க மரியாதை. என்ன குறை, என்ன வேணும் என்பது மட்டும் இருக்காது.

நான் இரண்டாவது வகை. என் கதையையே முதல்ல சொல்லிடறேன்.

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரணும். வரலை. அப்பா வேலை பார்த்த நிறுவனத்தின் தலைமை அலுவலகம் வடக்கே இருக்கு. அதனால் ஆங்கிலத்துல மெயில் எழுதினேன். "ரெஸ்பெக்டட் சார், வித் டியூ ரெஸ்பெக்ட் ஐ பெக் டு ஸ்டேட்" என்று ஆரம்பிச்சேன். நடுவில் அப்பாவின் முப்பது வருஷ சேவை. கடைசியில் "கைண்ட்லி டு தி நீட்ஃபுல்". பள்ளிக்கூடத்துல கத்துக்கொடுத்த மரியாதையெல்லாம் அதில் இருந்தது. மூணு மாசம் பதில் இல்லை. அம்மா பி.பி. மாத்திரைக்கு அக்காவிடம் கடன் வாங்கினாங்க, என்னிடம் சொல்லாம.

கடைசியில் போன் பண்ணினேன். எடுத்தவர் நல்ல மனுஷர். என் மெயிலைத் தேடி எடுத்துப் படிச்சுட்டுக் கேட்டார்: "சார், இதுல நீங்க என்ன கேக்கறீங்க?" பேசின பிறகுதான் தெரிஞ்சுது. அவங்க பதிவில் அம்மா பேருக்கு ஒரு இனிஷியல், வங்கிக் கணக்கில் வேற இனிஷியல். அன்றைக்கே நாலு வரி எழுதி அனுப்பினேன். அடுத்த மாசம் பணம் வந்துடுச்சு.

மூணு மாசம் நான் மரியாதையாக இருந்தேன். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்தது இதுதான்: மரியாதை ஆளுக்கு; தெளிவு விஷயத்துக்கு. இரண்டும் ஒரே கடிதத்தில் இருக்கணும். திருக்குறளில் "இனியவை கூறல்" என்று ஓர் அதிகாரம் இருக்கு, பத்தாவது. "சொல்வன்மை" என்று இன்னோர் அதிகாரம், அறுபத்தைந்தாவது. வள்ளுவரே இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறார். நமக்கு இரண்டும் வேணும்.

இந்த ஊர்க்காரங்களுக்கு இது ரொம்ப அவசியம். செங்கல்பட்டு 2019 நவம்பர் 29 அன்று தனி மாவட்டமானது. ஒரு பக்கம் சிறுசேரி, மகேந்திரா சிட்டி என்று ஆங்கில மெயிலிலேயே ஓடுகிற கம்பெனி வேலை. இன்னொரு பக்கம் கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடற்கரை, விடுதிகள், படகுத் துறைகள். நடுவில் மாமல்லபுரம். அங்குள்ள நினைவுச்சின்னங்கள் 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் அங்கே வந்தார்கள். ஆட்டோ ஓட்டுபவர், அறை வாடகைக்கு விடுபவர், சிற்பி என்று எல்லோருமே ஏதோ ஒரு நாள் ஆங்கிலத்தில் குறை சொல்லவும் வேண்டியிருக்கு, குறை கேட்கவும் வேண்டியிருக்கு.

நாலு வரி போதும்

எந்தப் புகாராக இருந்தாலும் நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்க. என்ன நடந்தது? எப்போது? அதனால் எனக்கு என்ன பாதிப்பு? நீங்கள் என்ன செய்யணும், எந்தத் தேதிக்குள்?

ஓர் உதாரணம். ஆன்லைனில் மிக்ஸி வாங்கினீங்க. ஜாரில் விரிசல். இப்படி எழுதலாம்:

"ஐ ஆர்டர்டு எ மிக்ஸி ஆன் தேர்ட் ஜூன். இட் அரைவ்டு ஆன் எய்த் ஜூன் வித் எ கிராக் இன் தி ஜார். ஐ அம் டிஸப்பாயின்டட், அஸ் ஐ கெனாட் யூஸ் இட். ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் ரிப்ளேஸ் தி ஜார் பை ட்வென்டியத் ஜூன். போட்டோஸ் அண்ட் தி பில் ஆர் அட்டாச்டு."

ஜூன் 3 ஆர்டர், 8-ஆம் தேதி விரிசலோடு வந்தது, பயன்படுத்த முடியலை என்பதில் ஏமாற்றம், 20-க்குள் ஜாரை மாற்றித் தந்தால் நன்றி, படமும் பில்லும் இணைப்பில். அவ்வளவுதான். இதில் "சீட்டிங்" இல்லை, "ஃபிராட்" இல்லை, "வொர்ஸ்ட் சர்வீஸ்" இல்லை. ஆனால் படிக்கிறவரால் தட்டிக்கழிக்க முடியாது.

"டிஸப்பாயின்டட்" என்பது நல்ல சொல். "ஆங்ரி" என்றால் கோபம். எதிரில் இருப்பவர் உடனே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார். "டிஸப்பாயின்டட்" என்றால், உங்கள் மேல் நம்பிக்கை வைத்திருந்தேன், அது நடக்கலை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் அலுவல் தொனி வேணும்னா, "இட் ஃபெல் ஷார்ட் ஆஃப் வாட் வாஸ் பிராமிஸ்டு" என்று எழுதலாம். சொன்ன அளவுக்கு இல்லை என்று பொருள்.

உடைந்ததா, உடைத்ததா?

இரண்டாவது, "யூ" என்ற சொல்லைக் கவனியுங்க. "யூ டிட் நாட் செண்ட் தி மணி" என்றால் விரல் நீட்டுகிற மாதிரி. "தி பேமெண்ட் ஹேஸ் நாட் அரைவ்டு" என்றால் பணம் வந்து சேரலை, அவ்வளவுதான். செய்தி ஒன்றே; குத்து இல்லை.

இது நமக்குப் புதுசு இல்லை. வீட்டில் குழந்தை டம்ளரைக் கீழே போட்டுட்டு என்ன சொல்லும்? "டம்ளர் உடைஞ்சிடுச்சும்மா." நான் உடைச்சேன் என்று சொல்லாது. உடைந்தது, உடைத்தது: தமிழில் ஓர் எழுத்து மாறினால் பழி மாறிவிடும். ஆங்கிலத்தில் அதே வேலையை வாக்கியத்தைத் திருப்பிப்போட்டுச் செய்யணும்.

அதனால் தவறு அடுத்தவருடையது என்றால் "உடைந்தது" என்று எழுதுங்க. "தேர் ஸீம்ஸ் டு பி எ மிஸ்டேக் இன் தி பில்." பில்லில் ஏதோ தவறு இருக்கிற மாதிரி தெரிகிறது. அவர் முகம் கெடாமல் திருத்திக்கொள்ள ஒரு வழி விடுகிறீர்கள்.

தவறு நம்முடையது என்றால் அப்படியே தலைகீழ். அப்போது குழந்தை மாதிரி "உடைஞ்சிடுச்சு" என்று ஒளியக் கூடாது. "உடைத்துவிட்டோம்" என்று சொல்லணும்.

சிற்பக் கூடத்துக்கு வந்த மெயில்

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடம் என்று நினைச்சுக்கோங்க. ஊரெங்கும் உளிச் சத்தம் கேட்கிற ஊர். 1957-லிருந்து சிற்பக் கல்வி அங்கே அரசு நிறுவனத்தில் நடக்கிறது. அந்தக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் இருக்கு. கூடத்திலிருந்து ஒரு சிலை கப்பலில் இங்கிலாந்து போனது. வாங்கினவர் எழுதுகிறார்: "வீ வேர் எ லிட்டில் டிஸப்பாயின்டட் டு ஃபைண்ட் தட் டூ ஃபிங்கர்ஸ் வேர் சிப்டு."

"எ லிட்டில்" என்று பார்த்ததும் நாம் என்ன நினைப்போம்? கொஞ்சம்தானே, பெரிசா எடுத்துக்கலை போல. அங்கேதான் தப்பு. பிரிட்டிஷ்காரர்களில் பலர் பெரிய குறையைச் சின்னதாகச் சொல்வது வழக்கம். "எ லிட்டில் டிஸப்பாயின்டட்", "நாட் குவைட் வாட் வீ ஹேட் ஹோப்டு ஃபார்" என்று வந்தால், அவர் நிஜமாகவே மனம் நொந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. இரண்டு நாள் கழிச்சு "நோ ப்ராப்ளம் சார்" என்று பதில் போட்டால் அடுத்த ஆர்டர் வேறு கூடத்துக்குப் போய்விடும். அதில் மூன்று பேருடைய ஆறு மாத வேலை இருக்கலாம்.

என்ன எழுதலாம்? "வீ ஆர் வெரி ஸாரி. வீ டிட் நாட் பேக் தி ஹேண்ட்ஸ் வெல் இனஃப். வீ கேன் ரிஃபண்ட் பார்ட் ஆஃப் தி பிரைஸ் ஆர் மேக் எ நியூ பீஸ். ப்ளீஸ் டெல் அஸ் விச் யூ பிரிஃபர்." கைப் பகுதியைச் சரியாகப் பொதியவில்லை, அது எங்கள் தவறு, விலையில் ஒரு பகுதி திருப்பித் தரலாம் அல்லது புதிதாகச் செய்து தரலாம், எது விருப்பம்? "வீ ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ்" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். அது ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி. கேட்டுக் கேட்டு யாருக்கும் அதில் வருத்தம் தெரிவதில்லை.

நம் ஊர் ஆங்கிலச் சொற்கள் இரண்டு

"டு தி நீட்ஃபுல்." என் கதையில் பார்த்தீங்க. தேவையானதைச் செய்யுங்கள் என்கிறோம். எது தேவை என்று சொல்வதில்லை. அதை எடுத்துட்டு, செய்ய வேண்டிய வேலையின் பெயரையே எழுதுங்க: ரீஃபண்ட், ரிப்ளேஸ், கரெக்ட்.

"ப்ளீஸ் ரிவர்ட்." பதில் சொல்லுங்கள் என்று நாம் எழுதுகிறோம். வெளிநாட்டில் பலருக்கு "ரிவர்ட்" என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. "ப்ளீஸ் ரிப்ளை பை ஃப்ரைடே" என்றால் எங்கும் புரியும்.

"சர்வீஸ் சென்டருக்கு நேரில் போய்ப் பேசிட்டோம், இன்னும் நடக்கலை" என்கிற நிலைக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாக வைங்க: "ஐ அண்டர்ஸ்டாண்ட் தட் யூ ஆர் பிஸி. ஹவெவர், திஸ் ஹேஸ் பீன் பெண்டிங் சின்ஸ் டென்த் மே." உங்கள் வேலைப்பளு புரிகிறது, ஆனாலும் இது மே 10-லிருந்து நிலுவையில் இருக்கு. முதல் வாக்கியம் ஆளுக்கு. இரண்டாவது விஷயத்துக்கு.

போனில் கவனிக்க வேண்டியவை

எல்லா எழுத்தையும் கேபிட்டலில் போடாதீங்க. அது சத்தம் போடுவதுக்குச் சமம். ஆச்சரியக்குறி மூணு நாலு வேண்டாம். கோபத்தில் எழுதினதை டிராஃப்டில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு அனுப்புங்க. தமிழில் எழுதி மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டால், வந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பாருங்க. தேதி, தொகை, பெயர் சரியாக இருக்கா என்று அப்போது தெரிந்துவிடும். புகார் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. அடுத்த மெயிலின் முதல் வரியில் அந்த எண் இருக்கணும்.

தமிழிலேயே எழுதலாமா?

தாராளமாக. இதை எல்லோரும் தெரிஞ்சுக்கணும். குறை தீர்க்கக் கோரி ஒன்றிய அல்லது மாநில அதிகாரி எவருக்கும், ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனு கொடுக்க அரசமைப்பின் 350-ஆவது பிரிவு உரிமை தருகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படியான விண்ணப்பத்தையும் தமிழில் தரலாம்; பொதுவாக 30 நாளுக்குள் பதில் வரணும். மாநில அரசுத் துறை பற்றிய குறை என்றால் முதலமைச்சர் உதவி மைய எண் 1100. திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. வாங்கின பொருள், சேவை பற்றியது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தமிழில் பேசலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போகணும். அன்றைக்கு, நீங்கள் அமைதியாகத் தேதி போட்டு எழுதின மெயில்தான் உங்களுக்குச் சாட்சி. கெட்ட வார்த்தை எழுதின மெயில் எதிர்த்தரப்புக்குச் சாட்சி.

ஆங்கிலம் தெரியலையே என்று யாரும் குறையை விழுங்க வேண்டாம். ஆங்கிலத்தில்தான் எழுதணும் என்கிற இடத்தில் நாலு எளிய வாக்கியம் போதும். இலக்கணம் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை; தேதியும் தொகையும் பிசகக் கூடாது.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், பதில் வராமல் கிடக்கிற உங்க பழைய புகார் ஒன்றை எடுங்க. அதில் உங்களுக்கு என்ன வேணும் என்ற வரி எங்கே இருக்குன்னு தேடுங்க. இல்லையென்றால் இன்றே எழுதிச் சேர்த்து அனுப்புங்க. அந்த வரியை நான் எழுதாததால்தான் எங்கம்மா மூணு மாசம் மாத்திரைக்குக் கடன் வாங்கினாங்க. உங்க வீட்டில் யாரும் அப்படி வாங்க வேண்டாம்.