சந்திரகிரி மாளிகை



திருச்சானூரில் அலர்மேல்மங்கைத் தாயாரைத் தொழுவதற்கு வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலர் வருகின்றனர். தொழுதபின், 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் சந்திரகிரியைக் காணாமலே ஊர் திரும்பிவிடுகின்றனர். சென்னைப் பட்டினத்தின் பிறப்போடு தொடர்புடைய அரசமாளிகை ஒன்று அங்கே இருக்கிறது.

1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது. அதன்பின் அப்பேரரசின் மன்னர்கள் பெனுகொண்டாவிலும், பிறகு சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்டனர். 1639-இல் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் ஆங்கிலக் கம்பெனிக்குச் சென்னைக் கடற்கரையில் இடம் வழங்கினார். அவருக்கு மேலான அரசுரிமை இம்மன்னர்களுடையதே. அவ்வுரிமைக்கு அரசர் இசைவளித்தது இம்மாளிகையில்தான் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. இடம் பெற்ற வணிகர் நாட்டை ஆளலாயினர். இடம் தந்த அரசு மறைந்தது. மாளிகை மட்டும் எவ்வாறு நிலைத்தது?

அதன் கட்டுமானமே விடை கூறும். மூன்று நிலைகள் கொண்ட இம்மாளிகை கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பப்பட்டது, மரம் பயன்படுத்தப்படவில்லை. முகப்பில் வளைவுகள் வரிசையாக அணிவகுக்கின்றன. உச்சியில் கோயில் விமானத்தை ஒத்த சிகரங்கள் எழுகின்றன. சுல்தானியர் கலையும் தென்னாட்டுக் கலையும் இங்கே ஒன்றுபடுகின்றன. வளைவுகள் மேற்பாரத்தைத் தூண்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. கறையான் அரிக்கவோ, நெருப்புப் பற்றவோ விட்டம் ஏதுமில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் நம் நகரங்களில் பரவிய மெட்ராஸ் டெரஸ் கூரை இதற்கு மாறானது. மரவிட்டங்களின்மேல் சிறு செங்கற்களை நெட்டுக்குத்தாக அடுக்கிக் காரையிட்டு அதனை அமைத்தனர். வெயிலைத் தணிக்கும் நல்ல கூரை அது. ஆனால் மழைநீர் ஊறி விட்டத்தின் முனை உளுத்துவிட்டால், கூரையே சரிந்துவிடும்.

சந்திரகிரி மாளிகையை இந்தியத் தொல்லியல் துறை அருங்காட்சியகமாக்கிப் பேணி வருகிறது. பூட்டிக் கிடக்கும் நம் பூர்வீக வீடுகளை யார் பேணுவார்? உரியவர்களாகிய நாமே பேணவேண்டும். மழைக்கு முன் மாடியின் நீர்ப்போக்கிகளைத் துப்புரவு செய்யுங்கள். சுவரில் முளைக்கும் அரசங்கன்றைச் சிறிதாயிருக்கும்போதே அகற்றுங்கள். காரைச் சுவர் பழுதுற்றால் சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிச் சுவரைக் கெடுக்கும்.

அடுத்தமுறை தாயாரைத் தொழ வரும்போது சந்திரகிரிக்கும் ஒரு பகற்பொழுதை ஒதுக்குங்கள். அந்த வளைவுகளை அண்ணாந்து பார்த்தபின், சொந்த ஊருக்கும் சென்று உங்கள் வீட்டுக் கூரையையும் ஒருமுறை பார்த்து வாருங்கள்.