குருவாய் வந்து தோழராய் நின்றவர்
(ஆலயத் திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இறைவனை அடையும் நெறிகள் நான்கனுள் தோழமை நெறியும் ஒன்று எனச் சைவம் கூறும். அத்தோழமை இசையாலும் வளரும் என்பதற்குத் திருஞானசம்பந்தர் வரலாறு சான்று. பாணர் குலத்தவரான திருநீலகண்ட யாழ்ப்பாணரை அவர் தம்முடனேயே அழைத்துச் சென்றார். திருநீலநக்கர் இல்லத்தில் வேள்வித் தீயின் அருகிலேயே பாணருக்கு இடம் அளிக்கப்பட்டதைப் பெரியபுராணம் போற்றுகிறது.

அம்மரபில் அண்மைக் காலத்தில் வாழ்ந்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர். 1896இல் பாலக்காட்டை அடுத்த செம்பை கிராமத்தில் தோன்றியவர். 1951இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். ஒரு காலத்தில் குரலை இழந்து வருந்திய அவர், குருவாயூரப்பன் அருளால் அதனை மீளப் பெற்றதாக நம்பினார். அதன்பின் தம் இசையை அப்பெருமானுக்கே உரிமையாக்கினார்.

இளையோரைத் தமக்குச் சமமாக நடத்துவது அவர் இயல்பு. சிறுவராயிருந்த மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரை 1920களில் சென்னை மேடைக்கு அழைத்து வந்தவர் அவரே. பக்கவாத்தியக்காரர் சிறப்பாக வாசித்தால், வயதைப் பாராமல் மேடையிலேயே வாய்விட்டுப் பாராட்டுவார்.

அவருடைய மாணவருள் ஒருவர் கே. ஜே. யேசுதாஸ். 1940இல் கொச்சியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியரினும் 44 ஆண்டுகள் இளையவர். குருவாயூர் ஆலயத்தினுள் பிற சமயத்தவர் செல்ல விதி இடந்தரவில்லை. ஆயினும் அந்த ஆலயத்தின் பேரடியாரான செம்பை, மாணவரின் சமயத்தைக் கேளாமல் இசையை வாரி வழங்கினார். தம் கச்சேரிகளில் அருகில் அமர்த்தி உடன் பாடவும் வைத்தார். அடைபட்ட வாயிலைத் திறப்பது ஆசிரியரின் கையில் இல்லை; தம் மேடையில் இடம் தருவது அவர் கையில் இருந்தது. அதனை அவர் தயங்காமல் செய்தார்.

1974 அக்டோபர் 16ஆம் நாள், ஒற்றப்பாலத்தில் ஓர் ஆலயத்தில் பாடி முடித்தபின் அவர் இறைவனடி சேர்ந்தார். இன்றும் ஏகாதசிக் காலத்தில் அவருடைய தம்புரா குருவாயூருக்குக் கொண்டுவரப்படுகிறது. அதன் முன்னிலையில் இசைவாணர்கள் பாடுகின்றனர். யேசுதாசும் குருவின் கிராமத்து விழாவில் பல ஆண்டுகள் பாடி நன்றிக்கடன் செலுத்தினார்.

அன்பர்களே! நம் ஆலயத் தேவார வகுப்பிற்கும் இது பொருந்தும். பிள்ளைகளுக்குப் பண்ணும் தாளமும் கற்பிக்கும் ஆசிரியர், அவர்கள் தவறும்போது அருகில் அமர்ந்து உடன் பாடுவாராயின், அப்பிள்ளைகள் வளர்ந்தபின்னும் அவரைத் தேடி வருவர். அத்தகைய ஆசிரியர்களைப் போற்றுவோம். அவர்கள் நம்மோடிருக்கும்போதே போற்றுவோம்.

மேன்மைகொள் இசைநெறி ஓங்குக!