முதலில் சூடு, பிறகு வேகம்



மஸ்தா ஆர்எக்ஸ்-7 காரின் மூன்றாம் தலைமுறை 1991-ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2002 ஆகஸ்டில் அதன் உற்பத்தி நின்றது. கடைசியாகச் செய்த காருக்கே இன்று இருபது வயது கடந்துவிட்டது. பிரியர்கள் இந்தத் தலைமுறையை எஃப்டி என்பார்கள். இந்த வயதான காரைப் பழுதுபார்ப்பது, மாற்றியமைப்பது, இரண்டும்தான் இன்றைய பேச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எஃப்டியில் வேகத்தைக் கூட்ட விரும்புகிறவர் அதற்கு முன்பு சூட்டைக் குறைக்க வேண்டும். வரிசை மாறினால் இன்ஜின் போய்விடும்.

ஏன் என்று புரிய, அந்த இன்ஜினுக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த இன்ஜினில் பிஸ்டன் ஏறி இறங்கும். இதில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. பக்கங்கள் சற்றே உப்பிய முக்கோணம் ஒன்று, இடுப்பு ஒடுங்கிய நீள்வட்டக் கூட்டுக்குள் சுழல்கிறது. அந்த முக்கோணத்துக்கு ரோட்டார் என்று பெயர். அது ஒரு சுற்று முடிப்பதற்குள் நடுத்தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். காற்றை இழுப்பது, அமுக்குவது, எரிப்பது, புகையைத் தள்ளுவது எல்லாம் அதன் மூன்று பக்கங்களிலும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். எஃப்டியின் 13பி இன்ஜினில் 654 சிசி கொண்ட ரோட்டார் அறைகள் இரண்டு. மொத்தம் 1308 சிசிதான். அதிலிருந்து தொடக்கத்தில் 255 குதிரைத்திறன் எடுத்தார்கள். 1999-இல் அதை 280 ஆக்கினார்கள். காரின் எடையோ சுமார் 1300 கிலோதான். ஓட்டியவர்கள் இதை மறக்காததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இனி, பலவீனம். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் தலா ஒரு மெல்லிய தகடு செருகியிருக்கும். ஏபெக்ஸ் சீல் என்பார்கள். தடிமன் 2 மில்லிமீட்டர். பின்னாலிருந்து சிறு ஸ்பிரிங் அதைத் தள்ள, அது கூட்டின் சுவரை உரசிக்கொண்டே ஓடும். ஓர் அறையின் அழுத்தம் அடுத்த அறைக்குப் போகாமல் காப்பது முக்கியமாக அந்தத் தகடுதான்.

மஸ்தா நிறுவனம் இந்த இன்ஜினைத் தன்வசப்படுத்தப் பட்ட பாடே இந்தத் தகட்டோடுதான். ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கல் வகுத்த ரோட்டரி இன்ஜின் இது. என்எஸ்யூ நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்று, 1961-இல் ஹிரோஷிமாவில் வேலையைத் தொடங்கினார்கள். சோதனை இன்ஜின்களைப் பிரித்துப் பார்த்தால் கூட்டின் சுவர் முழுக்க அலையலையாகக் கீறல்கள். பிசாசின் நகக்கீறல் என்றே பொறியாளர்கள் அதைச் சொன்னார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். கார்பனில் அலுமினியத்தை ஊட்டிச் செய்த சீல் வழி திறந்தது. 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற கார் சாலைக்கு வந்தது. பின்னாளில் அதே யமமோட்டோ நிறுவனத்தின் தலைவரானார்.

இந்தத் தகடு நலமாக இருக்கிறதா என்பதைக் காதால் கேட்டே அறியலாம். வானொலியில் சொல்ல இதைவிடப் பொருத்தமான செய்தி எனக்குக் கிடைக்காது. பெட்ரோல் வரத்தையும் பற்றவைப்பையும் துண்டித்துவிட்டு, ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஸ்டார்ட்டரை மட்டும் சுழலவிட வேண்டும். அந்தத் துளை வழியே புஸ், புஸ், புஸ் என்று மூச்சு வரும். மூன்றும் ஒரே அளவில் வந்தால் நல்லது. ஒன்று பலமாகவும் மற்ற இரண்டும் சோகையாகவும் வந்தால் ஒரு முனையின் சீல் உடைந்திருக்கிறது. உடைந்தது ஒன்று, குறைவது இரண்டு. ஏனென்றால் ஒவ்வொரு சீலும் இரண்டு அறைகளுக்குப் பொதுச் சுவர். சாதாரண கம்ப்ரஷன் கேஜ் இருப்பதிலேயே உயர்ந்த அழுத்தத்தை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும். ஆகவே பழைய ஆர்எக்ஸ்-7 வாங்குபவர், மூன்று பக்கத்தையும் தனித்தனியே அளக்கும் ரோட்டரி கருவியால் சோதிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பெயின்ட் பளபளப்பெல்லாம் அதற்கப்புறம்தான்.

வாங்கியவர் முதலில் செய்ய நினைப்பது சைலன்சரை மாற்றுவது. பெரிய குழாய், நல்ல சத்தம், கொஞ்சம் கூடுதல் வேகம். மற்ற கார்களில் இது விளையாட்டான வேலை. எஃப்டியில் அப்படியில்லை.

இதில் இரண்டு டர்போக்கள். முதலாவது தாழ்ந்த சுழற்சியிலேயே காற்றை அழுத்தத் தொடங்கும். இரண்டாவது ஏறக்குறைய 4500 ஆர்பிஎம்மில் சேர்ந்துகொள்ளும். அழுத்தம் சுமார் 10 பிஎஸ்ஐ அளவில் நிற்க வேண்டும் என்பது ஆலையின் கணக்கு. மிஞ்சும் புகையைத் திசைதிருப்பி டர்போவை அடக்க வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு உண்டு. ஆலை பொருத்திய குறுகலான புகைக்குழாய்க்கு அந்தக் கதவு போதும். குழாயை அகலமாக்கினால் போதாது. கதவு முழுக்கத் திறந்த பிறகும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். காற்று கூடும், இன்ஜின் கணினி அதற்கேற்ப பெட்ரோலைக் கூட்டாது. கலவை வறண்டு, தானாகவே வெடிக்கும். அந்த அதிர்ச்சியில் 2 மில்லிமீட்டர் தகடு ஒடியும். ஒடிந்த துண்டு குரோம் பூசிய சுவரைக் கீறிக்கொண்டு வெளியேறி, டர்போவின் சக்கரத்தில் மோதும். சைலன்சருக்குச் செலவழித்தவர் கடைசியில் இன்ஜினுக்கும் டர்போவுக்கும் சேர்த்துக் கொடுப்பார். ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொட்டாக வேண்டும்: வேஸ்ட்கேட்டின் வாயைக் கடைந்து பெரிதாக்குவது, பெட்ரோல் பம்பு, இன்ஜெக்டர், கணினியில் புது அளவு. இவற்றுக்குக் கையில் பணம் இல்லாத வரை பழைய குழாயே இருக்கட்டும் என்பேன்.

சூட்டுக்கு வருகிறேன். இந்த இன்ஜினின் புகை பிஸ்டன் இன்ஜினின் புகையைவிடக் கூடுதல் வெப்பத்தோடு வெளிவரும். முன்பக்க மூடியோ தாழ்வானது; காற்றாடச் சிறிதுதான் இடம். ரோட்டார் கூடு அலுமினியம், அதை இருபுறமும் அணைக்கும் தட்டுகள் வார்ப்பிரும்பு. நீண்ட போல்ட்டுகள் எல்லாவற்றையும் அடுக்காக இறுக்கிப் பிடித்திருக்கும். அலுமினியமும் இரும்பும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒரு முறை கடுமையாகச் சூடேறினாலும் போதும், நடுவிலுள்ள தண்ணீர்ச் சீல் நசுங்கி, கூலன்ட் எரியும் அறைக்குள் கசியும். பிறகு முழு ஓவர்ஹால்தான்.

கவலை தருவது என்னவென்றால், காரின் வெப்பமானி ஓட்டுநரை எச்சரிப்பதே இல்லை. அதன் முள் நெடுநேரம் நடுவிலேயே நிற்கும். நகரும்போது காலம் கடந்திருக்கும். ஏசி ஓடாதபோது மின்விசிறி, தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிய பிறகே சுழலத் தொடங்கும். தண்ணீரிலிருந்து காற்றைப் பிரிக்கும் குடுவை பிளாஸ்டிக். வயதானால் விரிசல் விடும். ஆகவே தேர்ந்த பட்டறைகள் தொடங்குவது இங்கேதான். அலுமினியக் குடுவை, பெரிய ரேடியேட்டர், விசிறியை முன்கூட்டியே ஓடவிடும் சுவிட்ச், உண்மையான எண்ணைக் காட்டும் வெப்பமானி. குதிரைத்திறன் ஒன்றுகூட ஏறாது. என்றாலும், என் பார்வையில் இந்தக் காருக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த மாற்றம் இதுதான். பழுதுபார்ப்பு என்றும் சொல்லலாம். எஃப்டியில் இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாது.

அடுத்தது ரப்பர் குழாய்கள். இரண்டு டர்போக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக இயக்க, இன்ஜினின் மேல் சின்னச் சின்ன வேக்குவம் ஹோஸ்கள் கொடிச்சிக்கலாகப் பின்னிக் கிடக்கும். சூட்டில் அவை காய்ந்து, வெடித்து, கழன்றுவிடும். 4500-ஐ எட்டும்போது கார் தயங்கித் திணறினால் பெரும்பாலும் இதுவே காரணம். பலர் பொறுமை இழந்து, இரண்டு டர்போவையும் கழற்றிவிட்டு ஒரே பெரிய டர்போவைப் போடுகிறார்கள். பராமரிப்பு எளிதாகும், உச்ச வேகமும் கூடும். ஆனால் ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கால் வைத்ததும் துள்ளும் அந்தச் சுறுசுறுப்பு போய்விடும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு குழாயாகச் சிலிக்கானில் மாற்றுவதே நல்லது என்பது என் எண்ணம்.

எண்ணெய் விஷயமும் உண்டு. சீலுக்கு வழுக்கல் வேண்டும் என்று இன்ஜின் தானே கொஞ்சம் எண்ணெயை அறைக்குள் விட்டு எரிக்கும். ஆகவே எண்ணெய் குறைவது நோய் அல்ல, அளவு பார்த்து ஊற்றாததுதான் குற்றம். சிலர் பெட்ரோல் டேங்கிலேயே டூ-டி ஆயில் கலக்கிறார்கள். பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் வைத்திருந்த நேயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜப்பானில் இந்தக் காரை வைத்திருப்பதே செலவு. 13 ஆண்டு கடந்த பெட்ரோல் காருக்கு ஆண்டு வரி கூடும். இரண்டு ஆண்டுக்கொரு முறை ஷாக்கென் என்ற அரசுச் சோதனை. புகையும் சத்தமும் வரம்பு மீறினால் சாலையில் ஓட்ட முடியாது. அமெரிக்காவில் சிலர் ரோட்டரி இன்ஜினைத் தூக்கிவிட்டு செவர்லே வி-8 இன்ஜினைப் பொருத்துகிறார்கள். அது உழைக்கும், உதிரிபாகமும் எளிதில் கிடைக்கும். ஆனாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிறிய, எடை குறைந்த இன்ஜின் முன் அச்சுக்குப் பின்னால் தாழ்வாக உட்காரும் என்பதை நம்பியே அந்தக் காரின் உடல் முழுவதும் வரையப்பட்டது.

மஸ்தாவும் இந்தக் கார்களைக் கைவிடவில்லை. இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 கார்களுக்கான உதிரிபாகங்கள் பலவற்றை மீண்டும் செய்து தருவதாக 2020 இறுதியில் அறிவித்தது. 2023-இல் எம்எக்ஸ்-30 காரில், பேட்டரிக்கு மின்சாரம் தருவதற்காக, 830 சிசி கொண்ட ஒற்றை ரோட்டார் இன்ஜினைக் கொண்டுவந்தது. அதில் ஏபெக்ஸ் சீலின் தடிமன் 2.5 மில்லிமீட்டர். டர்போ அழுத்தத்தைக் கூட்டும் பட்டறைக்காரர்களில் சிலர், ரோட்டாரின் பள்ளத்தைக் கடைந்து 3 மில்லிமீட்டர் சீல் பொருத்துவது நெடுங்கால வழக்கம். ஆலையும் இப்போது தடித்த சீலின் பக்கம் வந்திருக்கிறது. அந்தப் புது இன்ஜினின் ரோட்டார், 13பி கூட்டுக்குள் பொருந்தாது, அளவே வேறு. எஃப்டி வைத்திருப்பவர் தன் பழைய கூட்டின் குரோம் சுவரைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும்.