மின்கலம் அமுதசுரபி அன்று

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் பற்றரி. சமயமும் தமிழும் முழங்க வேண்டிய மேடையிலே பற்றரிக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். வீட்டில் விளக்கேற்றுவது நல்ல காரியம். அவ்விளக்கு எதனால் எரிகின்றது, அதன் கழிவு யாருடைய கிணற்றிலே போய்ச் சேர்கின்றது என்று கேட்பதும் நல்ல காரியமே. ஆதலால் சிறிது நேரம் செவிசாய்க்குமாறு வேண்டுகின்றோம்.

மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பழக்கம் நம்மவர்க்குப் புதியதன்று. 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும், ஜாம் போத்தல் விளக்கிலே படித்துப் பரீட்சையில் தேறியவர்களும் இச்சபையிலே இருக்கின்றனர். பின்னர் 2022 மார்ச் இறுதியிலே நாடு முழுவதும் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் மின்வெட்டு நடந்ததை இளைஞரும் அறிவர்.

நம் தீவின் நிலையோ இன்னும் தனியானது. கடல் நடுவே கிடக்கும் நமக்கு நெடுங்காலம் ஒளி தந்தவை டீசல் இயந்திரங்களே. கப்பலில் வரும் எண்ணெயை நம்பி வாழ்வதற்கு மாற்றாகச் சூரியன், காற்று, மின்கலம், டீசல் ஆகிய நான்கையும் இணைக்கும் திட்டம் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் வகுக்கப்பட்டது. 2021 ஜனவரியில் அது சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்படுவதற்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இந்தியா ஆட்சேபித்தது, அவ்வேற்பாடு நின்றது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையில் நிறைவேற்ற உடன்படிக்கை ஏற்பட்டு, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மூன்று தீவுக்கும் சேர்த்து 1,700 கிலோவாற்று சூரிய மின்சாரம், 530 கிலோவாற்று காற்று மின்சாரம், 2,400 கிலோவாற்று மணி கொள்ளும் மின்கலம், துணைக்கு 2,500 கிலோவாற்று டீசல் என்பது அதன் கணக்கு. இரு பெரும் தேசங்கள் போட்டியிட்ட இத்திட்டத்தின் உட்பொருள், ஒரு குடியானவன் தன் கூரைமேல் வைக்கும் ஒரு தகடும் மூலையில் வைக்கும் ஒரு பற்றரியும்தான், அளவிலேதான் வேறுபாடு. ஆகவே வீட்டுப் பற்றரியை விளங்கிக்கொண்டவன் தீவின் மின்சாரத்தையும் விளங்கிக்கொள்வான்.

மணிமேகலைக் காப்பியத்து மணிபல்லவம் நம் நயினாதீவே என்பது நம் முன்னோர் பலரின் கொள்கை. அத்தீவின் கோமுகிப் பொய்கையிலேதான் அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வந்தது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் அது. நம்மவருட் பலர் பற்றரியையும் அவ்வாறே நினைக்கின்றனர். அதிலும் "இலிதியம்" என்ற சொல்லைக் கேட்டவுடன் குறையாத பாத்திரம் கிடைத்துவிட்டதென்றே மகிழ்கின்றனர். அன்பர்களே! எந்த மின்கலமும் அமுதசுரபி அன்று. பகலிலே இட்டதைத்தான் இரவிலே தரும். அதிலும் சிறிது கழித்துக்கொண்டே தரும்.

ஈய அமிலப் பற்றரியை 1859 இல் பிரான்சு தேசத்துக் கஸ்தோன் பிளாந்தே என்பவர் ஆக்கினார். ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் சேர்ந்த அறை ஒன்று 2 வோல்ற்று தரும். ஆறு அறைகள் சேர்ந்தால் 12 வோல்ற்று. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், சாதாரண மெக்கானிக்கும் கையாள்வார். இவை அதன் நற்குணங்கள். குறைகளும் உள. பாதிக்கு மேல் வடித்தெடுத்தால் ஆயுள் குன்றும். அரைகுறையாக மின்னேறியபடியே பல நாள் கிடந்தால் தகடுகளில் ஈயசல்பேற்று படிந்து இறுகிவிடும். மாரிக் காலத்தில் வானம் மூடிக்கிடக்கும்போது நேர்வது இதுவே. காய்ச்சி வடித்த நீர் குறைந்தால் ஊற்ற வேண்டும். நம் கிணற்று நீரின் உப்பு அதற்கு நஞ்சு. மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளிவருமாதலால் அருகில் நெருப்பு ஆகாது. மேலும், காரோட்டத்துக்கென ஆக்கிய பற்றரி இயந்திரத்தைக் கிளப்பும் ஒரு கணத்துக்கே உரியது. இரவு முழுதும் விசிறி சுற்றுவதற்கு உரியதன்று.

இலிதியம் அயன் மின்கலம் 1991 இல் சந்தைக்கு வந்தது. அதனை ஆக்கிய பெருமைக்காகக் குட்எனஃப், விட்டிங்காம், யோசினோ என்னும் மூவருக்கு 2019 இல் நோபல் பரிசு கிடைத்தது. இதிலும் சாதிகள் பல. வீட்டுக்கு ஏற்றது இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகை. கைத்தொலைபேசியிலும் பல மோட்டார் வாகனங்களிலும் உள்ள கோபால்ற்று கலந்த வகையைவிட இது எளிதில் தீப்பற்றாதது. இவ்வகை அறை ஒன்று 3.2 வோல்ற்று, நான்கு சேர்ந்தால் 12.8. ஈயப் பற்றரியின் இடத்திலே இது பொருந்துவதற்குக் காரணம் இதுவே. எடையோ பாதிக்கும் குறைவு. 100 அம்பியர் மணி ஈயப் பற்றரி ஏறக்குறைய 30 கிலோ. இலிதியம் 12 கிலோ அளவே. படகிலே ஏற்றி இறக்குவோர்க்கு இதன் அருமை தெரியும்.

இனி ஒரு வீட்டின் கணக்கைப் பார்ப்போம். 9 வாற்று விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம்: 180 வாற்று மணி. 50 வாற்று விசிறி எட்டு மணி நேரம்: 400. தொலைக்காட்சி 40 வாற்று, மூன்று மணி நேரம்: 120. கைத்தொலைபேசி, வானொலிக்கு 50. கூட்டினால் 750. 12 வோல்ற்று, 100 அம்பியர் மணி ஈயப் பற்றரி 1,200 வாற்று மணி கொள்ளும்; ஆனால் பாதியையே எடுக்கலாமாதலால் 600 தான். ஓர் இரவுக்கும் போதாது, இரண்டு வேண்டும். அதே அளவு இலிதியம் 1,280 கொள்ளும். ஐந்தில் நான்கு பங்கு எடுத்தாலும் 1,024. ஓர் இரவுக்கு ஒன்றே போதும். ஆனால் மறுநாள் மழையானால் இரண்டாம் இரவுக்கு அதுவும் போதாது. எவ்வளவு வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் இக்கணக்கைத் தாளிலே எழுதிப் பார்க்க வேண்டும்.

ஆயுளையும் எண்ண வேண்டும். நல்ல ஈயப் பற்றரி பாதியளவு பயன்பாட்டில் 500 முதல் 1,000 இரவு வரை உழைக்கும். இலிதியம் இரும்புப் பொசுபேற்று 2,000 இரவுக்கு மேலும் உழைக்கும். முதல் விலை கூடினும், விலையை இரவுகளால் வகுத்துப் பார்த்தால் எது மலிவு என்பது தெரியும்.

பற்றரியை மாற்றுவோர் பெட்டியை மாற்றினாற் போதுமென்று எண்ணுகின்றனர். அது பெரும் பிழை. உடன் மாற்ற வேண்டியவற்றைச் சொல்லுகின்றோம்.

முதலாவது, கொன்ரோலரும் இன்வேட்டரும் இலிதியத்துக்கு உரிய ஒழுங்கில் வைக்கப்படல் வேண்டும். ஈயப் பற்றரியைச் சமன்செய்வதற்காக 15 வோல்ற்றுக்கு மேல் ஏற்றும் ஒழுங்கு பல கருவிகளில் உண்டு. இலிதியத்துக்கு அது ஆகாது, 14.2 முதல் 14.6 வரையே எல்லை. அவ்வொழுங்கை நிறுத்த இயலாத பழங்கருவியானால் கருவியையும் மாற்றுவதே முறை.

இரண்டாவது, ஈயத்தையும் இலிதியத்தையும் ஒரே கம்பியிற் பக்கம் பக்கமாகப் பூட்டலாகாது. இரண்டுக்கும் ஏற்றமும் இறக்கமும் வேறு. பழையதை வீணாக்க மனமில்லாதவர் அதைத் தனித் தகட்டோடு தனி விளக்குக்குப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, கண்ணின் பழக்கம் மாற வேண்டும். ஈயப் பற்றரி இறங்கும்போது வோல்ற்று மெல்ல மெல்லக் குறைவதை மீற்றரிலே காணலாம். அதைக் கண்டு விசிறியை நிறுத்துவோம். இலிதியம் 13 வோல்ற்றுக்கு அண்மையிலேயே நெடுநேரம் நின்று, முடிவில் திடீரென விழும். உள்ளே காவலிருக்கும் பி.எம்.எஸ். என்னும் கருவி முழுவதையும் துண்டித்துவிடும். வீடு ஒரே கணத்தில் இருளும். ஆகவே உள்ளே சென்றதையும் வெளியே வந்ததையும் எண்ணிக் காட்டும் மீற்றர் ஒன்று பூட்டுதல் நன்று.

நான்காவது, நேர்முனைக்கு அருகே பியூஸ் கட்டாயம் வேண்டும். முனைகளில் உப்புக்காற்றுப் படாதபடி வசலின் பூசுக. தகரக் கூரையின் கீழ் வெப்பத்திலே வையாதிருக்க; வெப்பம் இரண்டு வகைக்கும் பகை. பெயர் தெரியாத பழைய மின்கலங்களை ஒட்டிக்கட்டி மலிவாக விற்பதை வாங்காதிருக்க.

எல்லோரும் உடனே மாற வேண்டும் என்பது எமது கருத்தன்று. மின்தடை வரும் சில வேளைகளுக்கு மட்டும் பற்றரி வைத்திருப்பவர்க்கு, எப்பொழுதும் நிறைந்தே இருக்கும் ஈயப் பற்றரி போதும். நன்றாக உழைக்கும் பற்றரியைக் கழற்றி எறிதல் சிக்கனமுமன்று.

இனி, நாம் இம்மேடைக்கு வந்ததன் முதற் காரணத்தைச் சொல்லுகின்றோம். ஒவ்வொரு வீடும் இலிதியத்துக்கு மாறும்போது பழைய ஈயப் பற்றரிகள் எங்கே போகும்? அதன் எடையிற் பாதிக்கு மேல் ஈயம். அடிவளவிலே கவிழ்த்துக் கிடக்கும் ஒரு பற்றரியிலிருந்து அமிலம் ஒழுகும். ஈயமும் அதனோடு கசியும். நம் தீவின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மழை தந்த நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கின்றது. மேலே சிந்தியது கீழே இறங்க நெடுங்காலம் வேண்டியதில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் மின்நிலையத்து எண்ணெய்க் கழிவு கலந்த வழக்கிலே 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. இழப்பீடு வரலாம், கெட்ட நீர் உடனே திரும்பி வராது. குடாநாட்டுக்கு அயலூர்க் கிணறாவது உண்டு. நமக்கு அயல் கடல்.

ஆபிரிக்காவிலே செனகல் தேசத்துத் தலைநகரின் அருகே தியாரோய் என்னும் ஊரிலே, பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் எடுத்துவந்தனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அங்கே 18 குழந்தைகள் ஈய நஞ்சால் இறந்தனர். குருதியில் இவ்வளவு ஈயம் இருந்தாற் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார தாபனத்தின் முடிவு. குழந்தையின் அறிவு வளர்ச்சியையே அது முதலிற் கெடுக்கும். விலை கிடைக்குமென்று வீட்டு முற்றத்திலே பற்றரியை உடைப்பவர், தம் பிள்ளையின் புத்தியை விற்கின்றார்.

ஆகவே இளைஞர்களே! உங்களிடம் மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். பழைய பற்றரி எந்தெந்த வீட்டில் உண்டு என்பதை வட்டாரம் வட்டாரமாக எழுதி வையுங்கள். அவற்றை உடையாமல், நிமிர்த்தியபடி, கசிவு தாங்கும் தட்டிலே வைத்து, பயணிகள் நெரியாத வேளையிலே படகில் குறிகட்டுவானுக்கு அனுப்பி, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் சேருங்கள். அதில் வரும் பணத்தைப் பற்றரி தந்த வீட்டுக்கே கொடுங்கள். அப்பொழுதுதான் அடுத்த வீடும் தரும். பெரியோர்களே! புதிய பற்றரி வாங்கும் நாளிலேயே பழையதை ஒப்படைத்துவிடுவது என்ற ஒரு வழக்கத்தை உங்கள் வீட்டிலே தொடங்கிவையுங்கள். நீங்கள் தொடங்கினால் ஊர் பின்பற்றும். இலிதியப் பற்றரிக்கும் ஒருநாள் முதுமை வரும். இன்று அமையும் வழக்கம் அன்று அதற்கும் உதவும்.

அமுதசுரபி கைக்கு வந்தபோது மணிமேகலை அதைத் தன் பசிக்கென வைத்துக்கொள்ளவில்லை. பிறர் பசி தீர்க்கவே ஏந்தினாள். நம் கைக்கு வந்த இச்சிறு பெட்டி குறையாத பாத்திரமன்று. எனினும் அளவறிந்து எடுத்து, பழையதை முறையாக அகற்றினால், நம் வீட்டு விளக்கும் எரியும். நம் ஊர்க் கிணறும் இனிக்கும்.