ஒரு விரல் சுண்ணாம்பு



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில் சாயல்குடிப் பக்கம் போயிருந்தேன். திரும்பும் வழியில் சாலையோரத்தில் ஒரு அம்மா பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். அங்கே பதனி என்றுதான் சொல்வார்கள். ஓலைப் பட்டையில் வயிறு முட்டக் குடித்தேன். வீட்டுக்கும் இருக்கட்டுமே என்று ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் வாங்கி, சிந்திவிடக் கூடாதென்று மூடியை நன்றாகத் திருகிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். "மூடிய இறுக்காதீங்க சார்" என்று அந்த அம்மா சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. முதுகுளத்தூர் தாண்டும்போது பை கொஞ்சம் உப்பினாற்போல இருந்தது. பரமக்குடி வருவதற்குள் படார் என்றொரு சத்தம். டயர் போய்விட்டதென்று டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். டயர் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு முன்சீட்டில் இருந்தவரின் வெள்ளைச் சட்டைதான் போய்விட்டது. பஸ் முழுக்கக் கள் வாடை. மீதி வழியெல்லாம் என்னைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று இப்போதும் யோசிப்பதுண்டு.

இதை இங்கிலாந்தில் இருக்கும் என் அக்காள் மகனிடம் போனில் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, இதே கதை என் சமையலறையிலும் நடந்திருக்கு" என்றான். அவனுக்கு வீட்டிலேயே பியர் காய்ச்சுவது பொழுதுபோக்கு. பாட்டிலில் அடைத்துவைத்த பியர் அலமாரிக்குள்ளேயே வெடித்து, கூரைவரை தெறித்ததாம். அந்தப் போன் பேச்சில் பிடித்த யோசனையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அவனுடைய கலையைப் பார்த்துவிடுவோம். பார்லியை நனைத்து முளைகட்டி உலர்த்தினால் மால்ட். முளைக்கும்போது தானியத்துக்குள் சில நொதிகள் உண்டாகின்றன. மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், அந்த நொதிகள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கிவிடும். தித்திக்கும் அந்தச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். பூ கசப்பைத் தரும், கெடாமலும் காக்கும். ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி மூடினால், அது சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் விடும். ஒரு வாரம், இரண்டு வாரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு துளி சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்து இன்னும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். நுரை வருவது அந்தத் துளி சர்க்கரையால். துளி கொஞ்சம் கூடினால் அலமாரி வெடிக்கும்.

அங்கே இது சட்டப்படி செய்யக்கூடிய வேலை. இங்கிலாந்தில் 1963 முதல் வீட்டில் தமக்கென்று பியர் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1978-இல்தான் ஜிம்மி கார்ட்டர் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே 1978-இல் நம் மாநிலம் பனையை மாநில மரமாக அறிவித்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் எனக்கு அந்த ஆண்டின் மேல் ஒரு பிரியம்.

"நம்ம ஊர்ல இதெல்லாம் ஏது மாமா" என்று மருமகன் கேட்டான். இருந்தது என்றேன். பெரும்பாணாற்றுப்படை என்ற சங்க நூலில், வலைவீசிப் பிழைக்கும் மக்களின் குடியில் பாணனுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லும் இடம் ஒன்று உண்டு. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, நெல்முளை சேர்த்துப் பிசைந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுத்த நறவைச் சுட்ட மீனோடு தருவார்கள் என்று வருகிறது. முளைகட்டிய தானியம், ஆறவைத்த கூழ், காத்திருப்பு, வடிகட்டல். என் மருமகன் மாடிக் குடியிருப்பில் செய்வதிலிருந்து இது எவ்வளவு தூரம் என்று நீங்களே சொல்லுங்கள். வீட்டில் விளைந்த நெல்லுக் கள்ளுக்குத் தோப்பி என்றொரு பெயரும் இருந்தது. அந்தச் சொல் இன்று புலவர் தேர்வு எழுதுகிறவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

நெல்லுக் கள் போய்விட்டது, பனை நின்றது. இராமநாதபுரம் கடற்கரையில் மழை குறைவு, மணல் அதிகம், காற்றில் உப்பு. சாயல்குடி, கடலாடி, தங்கச்சிமடம், பாம்பன் என்று எங்கு போனாலும் பனை உண்டு. பார்லியில் அடைபட்ட மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்ற ஐரோப்பியன் அத்தனை பாடுபடுகிறான். பனையோ சர்க்கரையாகவே இறக்கித் தருகிறது. சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. ஈஸ்ட்டையும் யாரும் வாங்கிப் போட வேண்டியதில்லை. காற்றில், பாளையின் மேல், நேற்றைய கலயத்தின் சொரசொரப்பில் அது காத்துக்கொண்டிருக்கிறது. முதல் சொட்டு விழுந்ததுமே வேலையைத் தொடங்கிவிடும். பியர் இரண்டு வாரத்தில் எட்டுகிற இடத்தைப் பனஞ்சாறு நம் வெயிலில் ஒரே நாளில் எட்டிவிடும். நான்கைந்து விழுக்காடு சாராயச் சத்து, பொங்கும் நுரை. அதற்கு மறுநாள் காடி.

அப்படியானால் இங்கே மனிதனுக்கு என்ன வேலை? கள்ளைத் தானே விளைவித்துக்கொள்ளும் மரத்துக்கு முன்னால் பனையேறி செய்கிற கலைதான் என்ன?

ஒரு முறை தங்கச்சிமடத்தில் ஒரு பனையேறியிடம் இதைக் கேட்டேன். அறுபதைத் தாண்டியவர், காலில் தளைநார் தேய்த்த தழும்பு. "அண்ணே, இதுல கஷ்டமான வேலை எது? ஏறுறதா?" என்றேன். சிரித்தார். "ஏறுறதுக்குக் கையும் காலும் போதும் தம்பி. சீவுறதுக்குத்தான் கண்ணு வேணும்" என்றார்.

பாளை விரியும் முன்பே அதைக் கண்டுகொள்ள வேண்டும். கடிப்பு என்ற மரக் கருவியால் நாள்தோறும் இதமாக நெரித்துவர வேண்டும். ஆண் பனையின் பாளைக்கும் பெண் பனையின் பாளைக்கும் தனித்தனிக் கடிப்பு. அழுத்தம் கூடினால் பாளை வெந்ததுபோல வாடிப்போகும், குறைந்தால் சாறு இறங்காது. சாறு இறங்கத் தொடங்கியதும் காலையும் மாலையும் ஏறி, பாளை அரிவாளால் நுனியைச் சீவ வேண்டும். சீவல் வெற்றிலையைப் போல மெல்லியதாக விழ வேண்டும். தடித்துச் சீவினால் இரண்டு மாதம் ஊறவேண்டிய பாளை மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே பனையேறிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, கல்யாண வீடு கிடையாது. முப்பது நாற்பது மரத்தை நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிறவரின் உடம்புக் கணக்கை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகுதான் நான் சொல்லவந்த இடம் வருகிறது. கலயத்தைப் பாளையில் கட்டும் முன் உள்பக்கம் விரலால் சுண்ணாம்பு பூசுகிறார். அந்தக் கரைப் பக்கத்தில் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. அதன் காரத்தில் ஈஸ்ட் தலையெடுக்காது. சாறு சாறாகவே இரவெல்லாம் சொட்டி நிற்கும். அதுதான் பதநீர். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் அதே மரம், அதே பாளை, அதே கலயம், காலையில் கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

பியர் காய்ச்சுகிறவனின் திறமை புளிப்பை வரவழைப்பதில் இருக்கிறது. நம் பனையேறியின் திறமை, வந்தே தீருவேன் என்று நிற்கும் புளிப்பை வாசலிலேயே நிறுத்திவைப்பதில். என் கணக்கில் இரண்டாவதுதான் கடினம். மருமகனிடம் சாற்றின் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடி மிதவை இருக்கிறது, வெப்பமானி இருக்கிறது, தவறினால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிம்மதி இருக்கிறது. பனையேறி வெயிலைப் பார்த்து, நேற்றைய கலயத்தை முகர்ந்து, இன்றைக்கு எத்தனை விரல் என்று முடிவு செய்கிறார். குறைந்தால் பதநீர் மூக்கைச் சுள்ளென்று குத்தும். கூடினால் தொண்டை அரிக்கும், குடித்த பின் நாக்கு வெந்ததுபோல இருக்கும். இந்தத் தராசை அவர் நாற்பது மரத்திலும் சரியாகப் பிடிக்க வேண்டும்.

இதில் ஏமாற்ற முடியாது என்பதற்குக் கருப்பட்டி சாட்சி. சற்றே புளித்த பதநீரை எவ்வளவு காய்ச்சினாலும் அது பதத்துக்கு வராது. ஈஸ்ட் தொட்டதும் கரும்புச் சர்க்கரை போன்ற அதன் சர்க்கரை இரண்டாக உடைந்துவிடும். உடைந்த சர்க்கரை உறையாது, பாகாகவே கிடக்கும். எட்டுப் பத்து லிட்டர் வற்றினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி என்னும்போது, ஒரு கலயத்தின் அசட்டை அன்றைய கொப்பரை முழுவதையும் கெடுத்துவிடும். காய்ச்சும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை இடித்துத் துளி போட்டால் நுரை படுத்துவிடும். சிரட்டையில் ஊற்றும் நேரத்தைக் குமிழி வெடிக்கும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் பெண்கள் இருக்கிறார்கள். புகை சூழ்ந்த அடுப்பின் முன் அவர்கள் கழிக்கும் மணிநேரத்துக்குக் கூலி போட்டால் கருப்பட்டியின் விலை இன்றைக்கு விற்பதைப்போல இரண்டு மடங்கு ஆகும். சீனி கலந்த கருப்பட்டி அதனால்தான் சந்தையில் ஜெயிக்கிறது.

சுண்ணாம்பு ருசியை மட்டும் பிரிக்கவில்லை. சட்டத்தையும் பிரிக்கிறது. 1937-இல் ராஜாஜி அரசு சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-க்குள் சென்னை மாகாணம் முழுவதும் அது பரவியது. கள் இறக்கிப் பிழைத்தவர்களைப் பதநீருக்கும் வெல்லத்துக்கும் திருப்பக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது. பிறகு மூடுவதும் திறப்பதுமாக இருந்து, 1987-இலிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்கு இடமில்லை. பாட்டிலில் வரும் பியருக்கு இடமுண்டு. கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு. தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது மன்னார்த் தீவு. அங்கும் யாழ்ப்பாணத்திலும் பனங்கள் சட்டப்படி விற்கிறார்கள், பாட்டிலில் அடைத்தும் விற்கிறார்கள். ஒரே காற்று, ஒரே மணல், ஒரே மரம். இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல இந்தப் பத்து நிமிடம் போதாது. குடியால் அழிந்த வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் தன் கலயத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் குறைந்துபோனால் குற்றவாளி என்ற பயத்தோடு எண்பதடி உயரத்தில் ஒரு மனிதர் தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது.

வீட்டில் நொதிக்கவைக்கும் ஆசை உள்ள நேயர்கள் மனம் தளர வேண்டாம். நம் ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கெனவே ஒரு சாடி பொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இட்லி மாவு பொங்குவதும் பழைய சோறு புளிப்பதும் இதே குடும்பத்து வேலைதான். கரையோரத்தில் ஆப்ப மாவுக்குக் கொஞ்சம் கள்ளைச் சேர்த்துப் பொங்கவைத்த காலமும் உண்டு. அந்த ஆப்பத்தின் ஓரத்து மொறுமொறுப்பும் நடுவில் இருக்கும் பஞ்சும் சோடா உப்பில் வராது.

மருமகன் போன வருடம் விடுமுறைக்கு வந்தான். விடிந்தும் விடியாத நேரத்தில் சாயல்குடிச் சாலைக்குக் கூட்டிப் போனேன். ஓலைப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். பியரை மதிப்பிடுகிறவர்களின் பழக்கத்தில் முதலில் மோந்தான், ஒரு வாய் வைத்து நாக்கில் உருட்டினான், அப்புறம் சொல்லத் தொடங்கினான். முதலில் இளந்தித்திப்பு, நடுவில் பச்சை ஓலை வாசம், கடைசியில் சுண்ணாம்பின் மெல்லிய கரகரப்பு, எல்லாம் பட்டையின் மணத்தோடு சேர்ந்து வருகிறது என்றான். இரண்டாவது பட்டை வேறு கலயத்திலிருந்து வந்தது. "இது வேற மரம், மாமா" என்றான். விற்ற அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஆமா தம்பி, அது பெண் பனை" என்றார்.

பங்குனியில் தொடங்கி ஆனி வரைக்கும் அந்தச் சாலையில் பதனி கிடைக்கும். காலை ஏழு மணிக்கு முன்னால் போங்கள், வெயில் ஏறினால் ருசி மாறிவிடும். நுங்கு கிடைத்தால் சீவி அதில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். கருப்பட்டி வாங்கினால் உடைத்து உள்ளே பாருங்கள், அதிகமாக மினுமினுத்தால் சீனி. வீட்டுக்கு வாங்கி வருவதென்றால் வாயகன்ற பாத்திரம் கொண்டுபோங்கள். பாட்டில்தான் என்றால், மூடியை இறுக்காதீர்கள்.