ஆயுத பூஜையும் போர்க்லிப்ட் வண்டியும்

(காரைக்கால் கோவில்பத்தில், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் தொழிலாளத் தோழர்கள் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் கடவுள் உண்டா இல்லையா என்று வாதாட வரவில்லை. வண்டி துடைப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். இதற்கும் ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கலாம். வண்டி துடைக்கப் போய்க் கையை இழந்தவன் சிரிக்க மாட்டான்.

வாஞ்சூரில் 2009-ல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அங்கும், சுற்றிலுமுள்ள கிடங்குகளிலும் ஆலைகளிலும் மனிதன் முதுகில் ஏறிய மூட்டையை இன்று யந்திரம் தூக்குகின்றது. இது நமக்கு மகிழ்ச்சியே. இவ்வண்டியின் முன்னோடியை 1917-ல் அமெரிக்காவில் கிளார்க் என்னும் கம்பெனியார் தங்கள் ஆலைக்குள் சாமான் கொண்டுபோவதற்காகச் செய்துகொண்டார்கள். எந்த விசுவகர்மாவும் அதை வானத்திலிருந்து இறக்கவில்லை. மனிதன் செய்ததை மனிதன்தான் பேண வேண்டும்.

ஆனால் நாம் செய்வதென்ன? வருஷமெல்லாம் அழுக்கோடும் எண்ணெய்க் கசிவோடும் ஓட்டிவிட்டு, பூஜையன்று மட்டும் குழாயைத் திருப்பி மோட்டார் மேலும் ஒயர் மேலும் தண்ணீரைப் பீய்ச்சுகின்றோம். தூக்கும் சங்கிலியில் மாலையைச் சுற்றுகின்றோம். வழியில் பூசணிக்காயை உடைத்து, அதன் சதையில் சக்கரம் வழுக்கும்படி விட்டுவிடுகின்றோம். கண்ணேறு கழிந்ததாம்! கால் போவதற்கு வழி செய்ததுதான் மிச்சம்.

ஒரு கிடங்கில் நாம் நேரில் கண்டதைச் சொல்லுகின்றோம். பாட்டரிக்கு மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் கற்பூரத் தட்டை நீட்டினார்கள். ஓட்டுகின்ற பிள்ளை ஓடிவந்து தட்டைத் தள்ளினான். "நாஸ்திகப் பயல்" என்று அவனைத் திட்டினார்கள். அவன் நாஸ்திகனோ அல்லவோ, அன்று அத்தனை பேர் முகத்தையும் காப்பாற்றியவன் அவன்தான். மின்சாரம் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் என்னும் வாயு வெளிவரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு அது கலந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். வெடித்தால் உள்ளேயுள்ள கந்தகத் திராவகம் கண்ணில் தெறிக்கும். கற்பூரம் சாமிக்கென்று காட்டினாலும் வாயுவுக்கு அது நெருப்புதான்.

ஆகவே, செய்ய வேண்டிய முறையைக் கேளுங்கள். துடைக்குமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்னிருக்கும் இரும்பு நாக்குகளைத் தரையில் படிய இறக்கி, பிரேக் போட்டு, சாவியைக் கையில் எடுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். தூக்கிய நாக்கின் கீழ் ஒருகாலும் நுழையாதீர்கள். பெட்ரோலால் துடைக்காதீர்கள். மின்சார பாகங்களை உலர்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய்க் குழாயில் கசிவு தேட விரலை வைக்காதீர்கள். அங்குள்ள அழுத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் ஊசியைப்போல் தோலைத் துளைத்து உள்ளே புகும். அட்டைத் துண்டு ஒன்றைக் காட்டிப் பாருங்கள். திராவகம் பட்டால் மஞ்சளோ திருநீறோ பூசாமல், 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு வைத்தியரிடம் போங்கள்.

நாக்கு வளையும் இடத்தில் விரிசல் உண்டா என்று பாருங்கள். அது நூற்றுக்கு 10 பங்கு தேய்ந்தால், தூக்கும் பலம் நூற்றுக்கு 20 பங்கு குறைந்துவிடும். சங்கிலி நூற்றுக்கு 3 பங்கு நீண்டால் அதை மாற்றியாக வேண்டும். இதைக் கண்டறிய ஜாதகம் வேண்டாம். ஒரு அளவுகோல் போதும். பிரேக், ஹாரன், டயர், எண்ணெய் இவற்றைத் தினமும் வேலை தொடங்குமுன் பார்க்கப் பத்து நிமிஷம் போதும்.

இவ்வளவும் தொழிலாளி மட்டும் செய்கிற காரியமல்ல. தூக்கும் யந்திரங்களையும் சங்கிலிகளையும் தேர்ந்தவரைக் கொண்டு 12 மாதத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டுமென்று 1948-ல் செய்த தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. முதலாளியோ பொரிக்கும் கடலைக்கும் மாலைக்கும் பணம் எடுக்கிறார். தேய்ந்த சங்கிலியை மாற்றச் சொன்னால் "அடுத்த மாதம்" என்கிறார். சங்கிலி அறுந்து ஆள் செத்தால் "அவன் தலைவிதி" என்கிறார். தலைவிதி என்று நாமும் தலையாட்டினால், சங்கிலியை மாற்றாதவரை யார் கேட்பது? விதி என்கின்ற சொல் செத்தவனுக்கு ஆறுதலல்ல. பொறுப்பாளிக்கு விடுதலைப் பத்திரம்.

பூஜை நாளில் வேலை இல்லையென்றால் சந்தோஷம். அந்தப் பகலை வீணாக்காமல், வண்டிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கண்ட பழுதைத் தேதியுடன் எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். பழுதான வண்டியில் ஏற மறுங்கள்; ஒருவன் மறுத்தால் வேலை போகும், எல்லோரும் சேர்ந்து மறுத்தால் வண்டி சரியாகும்.

சந்தனப் பொட்டு இல்லாத வண்டி ஓடும். பிரேக் இல்லாத வண்டி நிற்காது. வீட்டில் காத்திருக்கும் பெண்டு பிள்ளைகளிடம் மாலையில் முழு உடம்போடு திரும்பிப் போவதுதான் நமக்கு வேண்டிய பலன் என்று கூறி, இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.